பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்தால் வேலை எங்கே? நாலைந்து மேஜரும் ஓர் இன்ஜினியரிங் சீட்டும்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் திருநெல்வேலிச் சீமையில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். மூணு வருஷம் பாளையில் ஒரு பி.ஏ.வோ பி.காமோ படிப்பதா, கவுன்சிலிங்கில் கிடைக்கிற இன்ஜினியரிங் சீட்டில் நாலு வருஷம் உட்காருவதா? "பி.ஏ. படிச்சு என்ன பண்ணப் போற?" என்று சித்தப்பா கேட்பார். கேட்பதில் தப்பில்லை. ஆனால் பதில் மேஜருக்கு (பட்டத்தின் முக்கியப் பாடத்துக்கு) மேஜர் மாறும். பிள்ளை ஒன்றாம் வகுப்பிலிருந்து எந்த மீடியத்தில் படித்தது என்பதை வைத்தும் மாறும்.

இந்தப் பக்கம் கலைக் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. ம.தி.தா. இந்துக் கல்லூரியும் தூய யோவான் கல்லூரியும் 1878 முதல் இருக்கின்றன. சாராள் தக்கர் 1895, தூய சவேரியார் 1923, ஆழ்வார்குறிச்சி பரமகல்யாணி 1963, ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி 1970, சதக்கத்துல்லா அப்பா 1971. இவற்றுக்குப் பட்டம் தருவது 1990இல் தொடங்கிய, அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். புதுமைப்பித்தன் 1931இல் பி.ஏ. முடித்தது இந்துக் கல்லூரியில்தான். அப்பா தாசில்தார், மகன் பத்திரிகைக்குப் போனார். சர்க்கார் உத்தியோகம் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் என்று நெல்லை பி.ஏ. இழுபடுவது அன்றைக்கே ஆரம்பித்த சங்கதி.

"ஏதேனும் ஒரு பட்டம்" கேட்கும் தேர்வுகள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வுகள், எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல்., யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் எல்லாவற்றிலும், சில தனிப் பதவிகளைத் தவிர, தகுதி என்று எழுதியிருப்பது ஏதேனும் ஒரு பட்டம். இந்த வரிசையில் நிற்கும்போது பி.ஏ.வும் பி.இ.யும் ஒரே தராசில்தான். பி.ஏ.காரர் 21 வயதில் வந்து நிற்பார், இன்ஜினியர் 22இல். அரியர், அதாவது தேறாமல் பாக்கி விழுந்த தாள், இருந்தால் இன்னும் தள்ளும். அரசு வேலைதான் குறி என்று வீட்டில் தீர்மானித்துவிட்டால், அதற்காக நாலு வருஷமும் கல்விக் கடனும் செலவழிப்பதில் அர்த்தம் இல்லை.

எந்த மேஜர் இந்தத் தேர்வுகளுக்கு உதவும் என்றால் முதலில் வரலாறு. பொது அறிவில் வரும் இந்திய தேசிய இயக்கம், அரசியலமைப்பு, தமிழ்நாட்டு வரலாறும் பண்பாடும் எல்லாம் மேஜர் வகுப்பிலேயே பாதி முடிந்துவிடும். ஆதிச்சநல்லூரும் கொற்கையும் சிவகளையும் இந்தப் பிள்ளைகளுக்கு பஸ் தூரம். தொல்லியலில் ஆர்வம் வந்தால் அதற்கென்று தனி முதுநிலைப் படிப்புகளும் உண்டு. இடம் கொஞ்சம், போட்டி அதிகம். அதை மட்டும் நம்பி வரலாறு எடுக்க வேண்டாம்.

தமிழ் மேஜர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் கை கொடுக்கும். 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் அறிவுக்கூர்மையும். தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இதில் பி.ஏ. தமிழ் படித்தவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தேர்வின் தரம் பத்தாம் வகுப்பு. கேள்விகள் வருவது பள்ளிப் பாடநூல்களிலிருந்து. அகநானூற்றைக் கரைத்துக் குடித்தவர் ஏழாம் வகுப்புப் புத்தகத்தின் நூல்வெளிப் பெட்டியில் இருக்கும் ஒரு வரியில் கோட்டை விடுவார். இன்னொன்று அந்த 25 கணக்கு. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் 37.5. பத்தாம் வகுப்போடு கணக்கைத் தொடாமல் விட்ட கலைப்பிரிவுப் பிள்ளைகள் இந்த 37.5ஐ அப்படியே தாரை வார்க்கிறார்கள். மீ.சி.ம., சதவீதம், தனிவட்டி, கூட்டுவட்டி, வேலையும் நேரமும், பரப்பளவு, இவ்வளவுதான் பெரும்பகுதி. முதல் வருஷத்திலேயே தினம் அரை மணி நேரம் வைத்தால் தீர்ந்துபோகிற பாக்கி. குரூப் 4இல் வரும் இளநிலை உதவியாளருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி.

வங்கி என்றால் கதை வேறு. ஐ.பி.பி.எஸ். கிளார்க் முதல்நிலையில் ஆங்கிலம் 30, எண்கணிதம் 35, தர்க்கம் 35, மொத்தம் ஒரு மணி நேரம், பிரிவுக்கு 20 நிமிடம். வரலாறும் தமிழும் இங்கே ஒன்றும் செய்யாது. ஆங்கில மேஜரும் பி.காமும் கொஞ்சம் முன்னால் இருக்கும். வேகம் வராத பிள்ளை எந்த மேஜராக இருந்தாலும் திணறும். வயது வரம்பையும் பாருங்கள்: பொதுப் பிரிவில் கிளார்க்குக்கு 28, அதிகாரி பணிக்கு 30. தொடக்க அடிப்படைச் சம்பளம் கிளார்க்குக்கு 24,050, அதிகாரிக்கு 48,480.

சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி: பயிற்றுமொழி

கல்லூரி வாசலில் யாரும் சொல்லாத விஷயம் இது. பிறகு திருத்தவும் முடியாது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010 முதல் இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்குக் கேட்கும் படிப்பு வரை மொத்தமும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். குரூப் 2க்குக் கேட்பது பட்டம். ஆகவே பட்டமும் தமிழ்வழியில் இருந்தால்தான் அந்த ஒதுக்கீடு.

நடப்பது என்னவென்றால், களக்காட்டிலோ திசையன்விளையிலோ அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வரை தமிழிலேயே படித்த பிள்ளையை, "இங்கிலீஷ் மீடியம்னா நல்லது" என்று ஆங்கிலவழி வரலாற்றிலோ பொருளியலிலோ சேர்த்துவிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் சேர்த்த தகுதி அந்த ஒரு டிக் குறியில் போய்விடும். "வகுப்பு ஆங்கிலம், ஆனால் பரீட்சையைத் தமிழில்தான் எழுதினேன்" என்றால் ஏற்கமாட்டார்கள். சான்றிதழில் பயிற்றுமொழி தமிழ் என்று இருக்க வேண்டும். குரூப் 2 குறியென்றால், தமிழ்வழியில் வந்த பிள்ளைக்குத் தமிழ்வழி வரலாறுதான் எங்கள் தேர்வு. ஐ.டி. பக்கமோ வெளிமாநிலமோ போகிற எண்ணம் இருந்தால் ஆங்கிலவழி எடுக்கலாம். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைக்கு இந்தக் கவலையே இல்லை.

கூடவே தேதி விஷயம். டி.என்.பி.எஸ்.சி.யில் அறிவிக்கை வெளியாகும் நாளில் பட்டத் தகுதி கையில் இருக்க வேண்டும். ஆறாவது செமஸ்டர் முடிவு பத்து நாள் தள்ளி வந்தால், அடுத்த அறிவிக்கை வரை காத்திருப்புதான். யு.பி.எஸ்.சி. முதல்நிலைக்குக் கடைசி வருஷ மாணவரும் விண்ணப்பிக்கலாம். அங்கே இந்தச் சிக்கல் இல்லை. சிவில் சர்வீஸில் தமிழ் இலக்கியத்தை விருப்பப்பாடமாக எடுக்கலாம் என்பதும் தமிழ் மேஜர்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: இரண்டு தாள், 500 மதிப்பெண், தரவரிசைக்குக் கணக்காகும் எழுத்துத் தேர்வு மொத்தம் 1,750.

வாத்தியார் வேலைக்கு எந்த மேஜர் செல்லும்

நெல்லையில் பெண்பிள்ளையைக் கலைக் கல்லூரியில் சேர்க்கும் பாதிப் பெற்றோர் மனதில் இருப்பது "பி.எட். முடிச்சிட்டா டீச்சர்" என்பதுதான். இங்கேதான் மேஜர் கடுமையாக வேலை செய்கிறது.

6 முதல் 10 வரை பள்ளியில் நடக்கும் பாடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். பட்டதாரி ஆசிரியர் பணியிடம் இந்தப் பாடங்களுக்குத்தான். எனவே பி.ஏ. தமிழ், பி.ஏ. ஆங்கிலம், பி.ஏ. வரலாறு படித்தவர் மூன்று வருஷம் முடித்ததும் நேரே பி.எட். போகலாம். பி.ஏ. பொருளியல், பி.காம்., அரசியல் அறிவியல், சமூகவியல் படித்தவருக்கு அந்தப் பாதை கிடையாது. அந்தப் பாடங்கள் பிளஸ் ஒன்னில்தான் ஆரம்பிக்கின்றன. ஆகவே முதுகலை முடித்திருந்தால்தான் தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கை. 3 + 2 = 5 வருஷம் என்று கணக்குப் போட்டு பொருளியல் எடுத்த பிள்ளைக்கு அது 3 + 2 + 2 = 7 வருஷம் ஆகிறது. பி.எட். படிப்பே 2015 முதல் இரண்டு வருஷம் என்பதை இன்னும் பல பெரியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பி.எட். முடித்தாலும் வேலை கையில் வந்துவிடாது. ஆசிரியர் தகுதித் தேர்வு இரண்டாம் தாள் 150 மதிப்பெண், அதில் தேறிய பிறகு நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தனிப் போட்டித் தேர்வு. வருஷா வருஷம் நடக்கும் என்று எண்ணிக் குடும்பக் கணக்குப் போடக்கூடாது. கிடைத்தால் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை 36,400, முதுகலை ஆசிரியருக்கு 36,900. இடைப்பட்ட வருஷங்களில் பலர் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பார்கள். அந்தக் காலத்தைத் தாங்குமளவுக்கு வீட்டில் வசதி இருக்கிறதா என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

மேஜரை நடுவில் மாற்றுவது இன்னொரு கண்ணி. பி.ஏ. வரலாறு படித்துவிட்டு தபாலில் எம்.ஏ. தமிழ் போடுகிறவர்கள் உண்டு. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரே பாடமோ அதற்கு இணையானதோ படித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதேபோல பெயர் நீளமான படிப்புகள்: "ஆங்கிலமும் கணினிப் பயன்பாடும்" போன்ற பெயரில் பட்டம் வாங்கினால், அது வெறும் ஆங்கிலப் பட்டத்துக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். சேரும்முன் அலுவலகத்தில் கேட்க வேண்டிய ஒரே வாக்கியம்: "இந்தக் கோர்ஸுக்கு இணைத்தன்மை அரசாணை எண் என்ன?" எண்ணைச் சொல்லாமல் "அதெல்லாம் செல்லும்" என்று சொன்னால், வேறு மேஜர் பாருங்கள்.

கல்லூரிப் பேராசிரியர் ஆக முதுகலையில் 55 சதவீதமும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும், அல்லது பிஎச்.டி.யும் வேண்டும். உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படை 57,700. தொகை நன்றாகத்தான் இருக்கிறது, போய்ச் சேரும் பாதைதான் நீளம். 2024 ஜூனில் நடக்கவேண்டிய மாநிலச் செட் தேர்வு தள்ளிப்போய் 2025 மார்ச்சில்தான் நடந்தது. ஆகவே செட்டுக்கு மட்டும் காத்திருக்காமல், ஜூன், டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு முறை வரும் நெட்டை எம்.ஏ. இரண்டாம் வருஷத்திலேயே எழுத ஆரம்பிக்க வேண்டும்.

தனியார் வேலை

பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கலை அறிவியல் கல்லூரிகளிலும் ஆள் எடுக்கின்றன, ஆனால் கதவு இரண்டு. பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல், கணிதம், இயற்பியல் ஆட்களுக்கு மென்பொருள் பக்கம். விப்ரோவின் வில்ப் போன்ற திட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்கலாம். பி.ஏ., பி.காம். ஆட்களுக்கு பி.பி.ஓ. பக்கம், அதாவது பிற நிறுவனங்களின் அலுவலக வேலையைச் செய்து கொடுக்கும் பக்கம். இரண்டாவது கதவில் நுழைந்தவர் முதல் கதவுக்கு மாறுவது சிரமம். பெரும்பாலும் 60 சதவீதமும் அரியர் இல்லாமையும் கேட்பார்கள். இங்கேதான் எல்லா மேஜருக்கும் பொதுவான மொழித் தாள்கள், பகுதி 1 தமிழும் பகுதி 2 ஆங்கிலமும், பழிவாங்கும். "மேஜர்தானே முக்கியம்" என்று பகுதி 1ஐ அசட்டையாக விட்ட பிள்ளை மேஜரில் 72 வைத்துக்கொண்டு மொத்தத்தில் 59இல் நிற்கும்.

ஆங்கில மேஜர் எடுத்தால் ஆங்கிலம் பேச வந்துவிடும் என்பது நெல்லையில் பரவலான நம்பிக்கை. பாடத்திட்டம் இலக்கியம், சாசரும் மில்டனும் நோட்ஸில் தமிழ் அர்த்தத்தோடு படித்துத் தேறிவிடலாம். பேச்சு வருவது வகுப்புக்கு வெளியே செய்கிற பயிற்சியால்தான். நேர்முகத்தில் "ஆங்கில மேஜர்" என்று பார்த்ததும் எதிர்பார்ப்பும் கூடும். பேச்சு தடுமாறினால் மற்ற மேஜர்காரரைவிடப் பெரிதாகத் தெரியும்.

பி.காமின் பலம் வேறு இடத்தில். 55 சதவீதத்தோடு முடித்தவர் சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பின் முதல் படியான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இரண்டாம் படியான இன்டர் போகலாம். பிற பட்டதாரிகளுக்கு 60 வேண்டும். ஆடிட்டரிடம் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப் 2023 முதல் மூன்றிலிருந்து இரண்டு வருஷமாகக் குறைந்தது. சி.ஏ. வரை போகாவிட்டாலும் டாலி (கணக்கு மென்பொருள்), ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல், டி.டி.எஸ். (வரிப் பிடித்தம்) மூன்றும் கைவந்தவருக்கு டவுனிலும் ஜங்ஷனிலும் ஆடிட்டர் அலுவலகம், மொத்த வியாபாரக் கடை, ஜவுளி, நகைக்கடை என்று ஊரிலேயே வேலை உண்டு. சம்பளம் சின்னதாகத்தான் ஆரம்பிக்கும். சாப்பாடும் வீடும் சொந்த ஊரில் என்பதால் கையில் நிற்கும். ஊரைவிட்டுப் போக முடியாத பிள்ளைக்கு பி.ஏ.வைவிட பி.காம். மேல்.

கணக்கு வருகிற, ஆனால் வீட்டு நிலைமையால் கலைக் கல்லூரியோடு நிற்கிற பிள்ளைக்கு ஒரு வழி: சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். தரவு அறிவியல். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் சேரலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும், தகுதிச் சுற்றில் தேற வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 முதல் யு.ஜி.சி. அனுமதிக்கிறது. பாரம் அதிகம், வாரத்துக்கு ஒரு பாடத்துக்கே பத்து மணி நேரம் போகும். முதல் செமஸ்டரில் இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம்.

மென்பொருள்தான் ஆசை, ஊரும் வேண்டும் என்பவர்கள் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை ஜோஹோவைப் பார்த்திருப்பார்கள். பட்டத்தைப் பெரிதாக எண்ணாத நிறுவனம் அது. ஆனால் அங்கே வேலைக்கு எழுத வேண்டியது புரோகிராம், பி.ஏ. படித்தபடி அதைத் தனியாகக் கற்றிருக்க வேண்டும்.

இன்ஜினியரிங்கோடு வைத்துப் பார்த்தால்

கவுன்சிலிங்கில் சீட்டை முடிவு செய்யும் கட் ஆஃப் 200: கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50, 50. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில், 1981இல் தொடங்கியது, சீட் கிடைக்கிற மதிப்பெண் இருந்தால் போய்விடுங்கள். அதற்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தாலும் அப்படியே: கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுகிறது. சந்தேகம் வருவது நடுவில் நிற்பவருக்கு. கணிதத்தில் பிளஸ் டூவிலேயே தட்டுத்தடுமாறி, கடைசிச் சுற்றில் பெயர் தெரியாத சுயநிதிக் கல்லூரியில் கிடைக்கும் சீட்டுக்கு நான்கு வருஷமும் கடனும் கொடுப்பதைவிட, உள்ளூர் எய்டட் (அரசு உதவிபெறும்) கல்லூரிப் பட்டம் மேல். முதல் செமஸ்டர் கணிதத்தில் விழுந்த அரியரைக் கடைசி வருஷம் வரை சுமக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த நடுவில் நின்றவர்கள்தான்.

எய்டடா, செல்ஃபா, பஸ்ஸா, விடுதியா

ஒரே கல்லூரி, ஒரே மேஜர், ஒரே பட்டம். ஆனால் அரசு உதவிபெறும் பிரிவில் கட்டணம் மிகக் குறைவு, சுயநிதிப் பிரிவில் பல மடங்கு. விண்ணப்பத்தில் இரண்டும் தனித்தனிக் கட்டமாக இருக்கும். எய்டடுக்கு மட்டும் போட்டுவிட்டு இருக்காமல் இரண்டுக்கும் போடுங்கள்; எய்டட் பட்டியல் இரண்டாம் மூன்றாம் சுற்றில் இறங்கும்போது ஃபோனை எடுங்கள். அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் தனி இணையதளத்தில், அதற்குத் தேதியும் தனி. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் (2022), பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் (2024) திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததால் பணம் நிற்பதுதான் வழக்கமான கோளாறு.

பயண நேரத்தையும் கட்டணம் போலவே எண்ணுங்கள். அம்பையிலிருந்து (அம்பாசமுத்திரத்திலிருந்து) பாளைக்கு வீட்டு வாசல் முதல் வகுப்பு வரை போக வர இரண்டரை மணி நேரம் என்று வைத்தால், செமஸ்டருக்கு 90 வேலைநாள், ஆறு செமஸ்டர், 1,350 மணி நேரம். குரூப் 2 தயாரிப்பையே அதில் முடித்துவிடலாம். செங்கோட்டைப் பாசஞ்சரில் உட்கார இடம் கிடைத்தால் புத்தகம் விரிக்கலாம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு முடியாது. ஆழ்வார்குறிச்சியிலோ அம்பையிலோ அதே மேஜர் இருந்தால், பாளையின் பெயருக்காக 1,350 மணி நேரம் கொடுப்பது அதிக விலை.

வெளியூரில் 'லிபரல் ஆர்ட்ஸ்'

பெங்களூரு அசிம் பிரேம்ஜி, சோனிபட் அசோகா மாதிரி இடங்களில் நாலு வருஷம். முதல் வருஷம் பல பாடங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேஜரை முடிவு செய்யலாம். எழுத்து, விவாதம், ஆய்வு எல்லாம் ஆங்கிலத்தில். கொள்கை ஆய்வு, தொண்டு நிறுவனம், வெளிநாட்டு முதுகலை ஆகியவற்றுக்கு இது நல்ல வாசல். டி.என்.பி.எஸ்.சி.க்கு எந்தக் கூடுதல் பலனும் இல்லை. கட்டணம் லட்சங்களில் என்றாலும் குடும்ப வருமானத்தைப் பார்த்துச் சலுகை தருகிறார்கள். நெல்லைப் பிள்ளைகள் தவறவிடுவது பணத்தால் அல்ல, தேதியால்: விண்ணப்பம் பிளஸ் டூ படிக்கும்போதே, பொதுத்தேர்வுக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் நுழைவுத் தேர்வும் அப்படித்தான். மே மாதம் தேடினால் எல்லாம் சாத்திக் கிடக்கும்.

எந்த வழி எடுத்தாலும், மூன்றாம் வருஷம் கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு ஒரு வேலை. டி.சி.யையும் நன்னடத்தைச் சான்றையும் மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். தமிழ்வழிச் சான்றிதழை டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்தில் இருக்கும் அதே படிவத்தில், முதல்வர் கையொப்பம், முத்திரை, தேதியோடு வாங்குங்கள். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளியை மூடியிருந்தாலோ வேறு பள்ளியோடு சேர்த்திருந்தாலோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். அறிவிக்கை வந்த பிறகு கிளம்பினால் அந்த அலைச்சலுக்கு நாள் போதாது.